உதட்டிலேயே இருந்த கண்கள்

ஆலையில் துணி சோதிக்கும் அவன் கண்ணுக்கு அறுந்த ஓர் இழைகூடத் தப்பாது. அப்பேர்ப்பட்டவன் ஒரு பெண்ணின் முகத்தைப் படிக்கத் தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தான். அக்கா வேறு கழுத்தில் கத்தி வைத்திருந்தாள். அவனுக்கு நல்ல சம்பந்தம் ஒன்று வந்திருந்தது. சாயங்காலத்துக்குள் சரியா இல்லையா என்று சொல்லியாக வேண்டும்.

தறிக்கூடத்திலிருந்து மாற்றலாகி வந்து சோதனை மேசையில் எதிரே உட்கார்ந்தவள்தான் அவன் தூக்கத்தைக் கெடுத்தவள். அவன் வாயைத் திறந்தால் போதும், வேலையைப் போட்டுவிட்டு முன்னால் சாய்வாள். கண் அவன் உதட்டை விட்டு நகராது. மேஸ்திரி பேசும்போதும் அப்படித்தான் பார்த்தாள் என்பதை அவன் மனது வசதியாக மறந்துவிட்டது. மீசையைக் குறைத்தால் நன்றாக இருக்கும் என்று ஒருநாள் சொன்னாள். மறுநாளே முழுக்க மழித்துக்கொண்டு வந்து நின்றான், பைத்தியக்காரன்.

மதியச் சங்கு ஊதியதும் மற்றவர்கள் சாப்பிடப் போனார்கள். அவள் முதுகைக் காட்டித் துணி மடித்துக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து கூப்பிட்டான். திரும்பவில்லை. தொண்டை கிழியக் கூப்பிட்டான். சன்னலில் இருந்த புறா பறந்தது, அவள் அசையவில்லை. சுற்றிக்கொண்டு முன்னால் போய் நின்றான். திடுக்கிட்டவள், அவன் முகத்தைப் பார்த்ததும் மாட்டிக்கொண்டதைப் புரிந்துகொண்டாள்.

"காது கேட்காது. தறிச் சத்தத்துல போயிடுச்சு. வாயைப் பார்த்துத்தான் புரிஞ்சுக்கறேன். மேஸ்திரிகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, வேலை போயிடும்."

மீசை ஏன் போயிற்று என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்தான். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அதோடு நகர்ந்திருந்தால் மரியாதையாவது மிஞ்சியிருக்கும். ஆனால் ஆசை விடவில்லை. காது கேட்காவிட்டால் என்ன, ஒருவேளை வாயைப் பார்ப்பதில் கொஞ்சம் ஆசையும் சேர்ந்தே இருக்கலாம் அல்லவா?

வேலைக்கு ஒன்றும் ஆகாது, அது வேறு, தான் கேட்கப்போவது வேறு என்று முதலில் தெளிவாகச் சொன்னான். பிறகு ஒவ்வொரு சொல்லாக நிறுத்திக் கேட்டான்.

"உங்களுக்கு என்னைப் பிடிச்சிருக்கா?"

கடைசிச் சொல் வரைக்கும் பார்த்தாள். பிறகு, முதல் தடவையாக, அவன் உதட்டிலிருந்து கண்ணை எடுத்துக் கையிலிருந்த துணியின் மேல் வைத்துக்கொண்டாள்.

அவன் விடவில்லை. பிடிக்கலைன்னாலும் பரவாயில்லை, ஒரு வார்த்தை சொல்லிடுங்க என்று கெஞ்சினான். அவள் குனிந்தபடியே மடித்துக்கொண்டிருந்தாள். அவள் நிமிராத வரைக்கும் அவன் சொல்வது எதுவும் அவளுக்குக் கேட்கப் போவதில்லை. அது அவளுக்கும் தெரியும்.