சீராகக் கறுக்காத கடிகாரம்

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. கடிகாரம் பழுதுபார்ப்பவர் ஒருவர் பேச்சுவாக்கில் கீழே போட்டதைப் பொறுக்கிக்கொண்டு வந்தேன். என் வாட்ச்சுக்கு வார் மாற்றப் போயிருந்தபோது, ஒற்றைக் கண்ணில் லென்ஸைச் செருகியபடி, நிமிராமலே அவர் சொன்னார்:

"போன மாசம் ஒருத்தர் வந்தாருங்க. டைட்டானியம் வாட்ச்சோட கூட்டை வீட்லயே வெச்சுக் கறுப்பாக்கணுமாம். பெயின்ட் அடிச்சுக்கோங்கன்னேன். அது உரியும், வேணாம்னாரு. உலோகமே கறுக்கணும், ஒரு இடம் விடாம ஒரே சீரா கறுக்கணும்னு நின்னாரு."

"எதுக்காம்?"

"ரொம்பப் பளபளக்குதாம். டைட்டானியம் என்னைக்குங்க பளபளத்துச்சு? அதுவே சாம்பல் பூத்த மாதிரி கிடக்கும்."

அவ்வளவுதான். அடுத்த ஆள் வந்துவிட்டார், பேச்சு மாறிவிட்டது. வீடு வரும்வரை அந்த 'ஒரு இடம் விடாம' மட்டும் காதில் குடைந்துகொண்டே இருந்தது. அழகுக்காகக் கறுப்பாக்குகிறவன் அப்படிக் கேட்கமாட்டான். அங்கங்கே திட்டு விழுந்தாலும் அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது என்று விட்டுவிடுவான். ஒரு இடம்கூட மிஞ்சக்கூடாது என்கிறவனுக்கு, அந்த வாட்ச் யாரோ ஒருவர் கண்ணில் அடையாளம் தெரியக்கூடாது.

யார் கண்ணில்? இனி வருவதெல்லாம் நானே கட்டியது. கட்டும்போது அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

2

மதிய வெயில் சமையலறை ஜன்னல் வழியாக உருகி வழிந்து

இல்லை. தகரக் கூரைக்குக் கீழே நின்று வேலை பார்த்த எவனும் இப்படி எழுதமாட்டான். வெயில் வழியாது. அடிக்கும், அவ்வளவுதான். இன்னொரு தொடக்கம்:

அண்ணன் செத்து நாற்பத்துமூன்றாம் நாள், செத்தவனுடைய வாட்ச்சை அடுப்பில் வைத்தான் தம்பி.

இது நிற்கும். இதையே வைத்துக்கொள்கிறேன்.

அண்ணன், தம்பி இருவருக்கும் ஒரே இரும்புக் கொட்டகையில் வேலை. பாலங்களுக்கான பீம்களை வெட்டிப் பற்றவைத்து அனுப்பும் இடம். அண்ணன் கிரேனுக்குக் கீழே சங்கிலி மாட்டுகிறவன், தம்பி வெல்டர். ஒரு நாள் காலையில் சங்கிலி நழுவி, தூக்கிய பீம் சரிந்தது. அண்ணன் அடியில் மாட்டிக்கொண்டான். முதலில் ஓடிப்போய்ச் சேர்ந்தவன் தம்பி.

ஆஸ்பத்திரி வாசலில் அண்ணியிடம் அவன் சொன்னது இது:

"நான் போய்ச் சேரும்போதே உயிர் இல்ல அண்ணி. ஒரு வலியும் தெரிஞ்சிருக்காது."

அண்ணி அழவில்லை. "அவர் வாட்ச் எங்க?" என்று கேட்டாள். பெரிய இழப்பின் வாசலில் நிற்கிறவர்கள் இப்படித்தான் சின்னதாக ஒன்றைப் பிடித்துக்கொள்வார்கள். அவள் வாங்கிக் கொடுத்த வாட்ச் அது.

"தெரியல அண்ணி. அங்கேயே எங்கயாவது விழுந்திருக்கும்."

வாட்ச் அவன் பேன்ட் பையில் இருந்தது.

3

இந்த இடத்தில் நீங்கள் அவனைத் திருடன் என்று முடிவு கட்டியிருப்பீர்கள். முதல் படியில் நானும் அப்படித்தான் எழுதினேன். எழுதுவது சுலபம். ஆனால் நாலு பக்கம் தாண்டியும் அவன் ஒரு திருடனுக்குரிய காரியம் எதையும் செய்யவில்லை. விற்கவில்லை, பெட்டியில் பூட்டவில்லை. அது கை அசைவில் ஓடும் ரகம். கழற்றி வைத்தால் இரண்டு நாளில் நின்றுவிடும். அது நின்றுவிடக் கூடாதென்று வீட்டுக்குள் மட்டும் கட்டிக்கொண்டு நடந்தான்.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. கனத்த இரும்போடு வேலை செய்கிறவர்களுக்கு ரத்தத்தில் ஊறிய பழக்கம் ஒன்று உண்டு. யாராவது மாட்டிக்கொண்டால், கை வீங்குவதற்குள் வாட்ச்சையும் மோதிரத்தையும் கழற்றிவிட வேண்டும். தம்பி செய்ததும் அதைத்தான். கழற்றினான், பையில் போட்டான், ஸ்ட்ரெச்சரைத் தூக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது, மறந்துவிட்டான்.

சரி, அதைச் சொல்லிவிட வேண்டியதுதானே?

சொன்னால் அண்ணி கேட்பாள்: "செத்தவர் கை எப்படி வீங்கும்?"*

வீங்காது. வீங்குமென்று பயந்து கழற்றினான் என்றால், அப்போது உயிர் இருந்தது. உயிர் இருந்தது என்றால், ஆஸ்பத்திரி வாசலில் அவன் சொன்னது பொய். வலியே தெரியவில்லை என்பதும் பொய். ஆறுதலுக்காகச் சொன்ன ஒரு வாக்கியம் மொத்தமும் அந்த வாட்ச்சின் வாரில் தொங்கிக்கொண்டிருந்தது.

* அந்தக் கொட்டகையில் இன்னொரு பழக்கமும் உண்டு. உயிர் போய்விட்டால், பொருள் தொலையாமல் இருக்க வாட்ச்சைக் கழற்றிக் கவரில் போட்டு வீட்டுக்கு அனுப்புவார்கள். ஆக, கழற்றுவது பிழைக்க வைப்பதற்காகவும் இருக்கலாம், கணக்கை முடிப்பதற்காகவும் இருக்கலாம். கீழே கிடக்கிறவனுக்கு எது என்று தெரியாது.

[தூக்கி எறிந்திருக்கலாமே என்று கேட்கிறீர்களா? பாலத்திலிருந்து அவன் அதை ஆற்றில் எறிவதாக எழுதிப் பார்த்தேன். கையை ஓங்கினான், இறக்கிவிட்டான். ஓடிக்கொண்டிருக்கிற ஒரு மெஷினை அவனால் தூக்கி எறிய முடியவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. எறியவும் முடியாது, அண்ணி கண்ணில் படவும் கூடாது என்றால், கறுப்பாக்குவதுதான் மிச்சம்.]

4

பழுதுபார்ப்பவர் இயந்திரத்தையும் கண்ணாடியையும் கழற்றித் தன்னிடம் வைத்துக்கொண்டு, வெறும் கூட்டைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். தம்பியின் மனைவி தையல் கம்பெனிக்குப் போன பிறகு அவன் வேலையை ஆரம்பித்தான். உப்புத்தாளால் தேய்த்தான். சோப்புப் போட்டுக் கழுவினான். மனைவியின் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தால் துடைத்தான். கேஸ் டார்ச்சைப் பற்றவைத்து, இடுக்கியில் பிடித்த கூட்டின் மேல் நெருப்பைக் காட்டினான்.

வெல்டர் அல்லவா, நெருப்பைப் பற்றி எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. வார் மாட்டும் காதுகள் மெலிசு. அவை முதலில் சூடேறி மயில்கழுத்து நீலத்துக்குப் போய்விட்டன. கூட்டின் நடுவயிறு தடிமன், அது இன்னும் வைக்கோல் நிறத்திலேயே நின்றது. ஒரு பக்கத்தில் மட்டும் மங்கலாக ஒரு திட்டு.

கடைக்குப் போனான்.

"வெறுங்கையால தொட்டீங்களா?" என்றார் பழுதுபார்ப்பவர்.

"இருபத்திரெண்டு வருஷமா வெறுங்கையாலதான் வேலை பாக்கறேன்."

"அதாங்க கேட்டேன். கை எண்ணெய் பட்ட இடம் வேற நிறமா நிக்கும். கையுறை போடுங்க. டார்ச்சு ஆகாது. வாணலில மணல் பரப்பி அது மேல வைங்க, மூடி போட்டு மெதுவா ஏத்துங்க. கடைசியில சூட்டோட எண்ணெயில போட்டா கறுப்பு பிடிக்கும்னு சொல்வாங்க. நான் செஞ்சதில்ல."

5

இரண்டாம் முறை கையுறை போட்டான். பழைய நிறத்தை மொத்தமாகத் தேய்த்து எடுத்தான். சலித்த மணல், கனத்த வாணல், மூடி. முக்கால் மணி நேரம் நகரவில்லை. எண்ணெயில் போட்டு எடுத்தபோது கூடு அடுப்புக்கரி மாதிரி கறுத்திருந்தது. காது, வயிறு, முதுகு எல்லாம் ஒரே கறுப்பு.

பக்கவாட்டில் இரண்டு வெளிறிய கோடுகள் தவிர.

மூன்றாம் முறை தேய்க்கும்போது அந்தப் பக்கத்தை மட்டும் மூன்று மடங்கு தேய்த்தான். மணலை மாற்றினான், எண்ணெயை மாற்றினான், கையுறைகூடப் புதிது. மூடியைத் திறக்கும்போது மனைவி வேலையிலிருந்து வந்துவிட்டாள்.

"வாட்ச் வெந்துருச்சா? அடுப்பை விட்டா நாங்களும் ஏதாவது சமைப்போம்."

"கொஞ்சம் பொறேன்."

"கட்டின பொண்டாட்டியை இப்படி ஒரு நாளாவது உத்துப் பார்த்ததுண்டா நீங்க?" எட்டிப் பார்த்தாள். பழைய சாமான் கடையில் வாங்கியது என்றுதான் அவளிடம் சொல்லியிருந்தான். சிரிப்பு நின்றது. "என்னங்க இது?"

"என்ன?"

"யாரோ இறுக்கிப் பிடிச்ச மாதிரி இருக்கு."

நாலு கோடுகள். பக்கம் பக்கமாக, ஒரு விரல் அகலத்தில். கடைசிக் கோடு மட்டும் கொஞ்சம் குட்டை.

[முதலில் கைரேகை என்று எழுதி அடித்தேன். அது மலிவான பயம். கோடு என்பதே போதும்.]

6

நாலு கோடுகள் என்று எழுதிய பிறகு பேனாவை வைத்துவிட்டு, முன்னால் எழுதியதைப் புரட்டினேன். விபத்தை நான் விவரித்து, இங்கே சேர்க்காமல் விட்ட பக்கத்தில், அண்ணனின் வலது கை பீமுக்கு அடியில் இருந்தது. தெளிவாக எழுதியிருக்கிறேன். வாட்ச் இடது கையில். அப்படியானால் வாட்ச்சை இறுக்கிப் பிடித்தது யார்?

கையுறை போட்டும் கறை விழுமா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளக் கடைக்குப் போனேன். கதைக்காக என்று சொல்லவில்லை. "டைட்டானியத்துல, சுத்தமா துடைச்ச பிறகும், நாலு கோடு மாதிரி…" என்று ஆரம்பித்தேன்.

அவர் கண்ணிலிருந்து லென்ஸை எடுத்தார்.

"அவரை உங்களுக்குத் தெரியுமா?"

"யாரை?"

"அந்த ஆளைத்தாங்க. நாலு கோடு. பக்கவாட்டுல. மூணு தடவை செஞ்சும் போகலைன்னு கொண்டு வந்து காட்டினாரு. இதுக்கு மேல தேய்ச்சா கூடு தேஞ்சுடும், அப்படியே மாட்டிக்கிட்டுப் போங்கன்னு சொல்லி நேத்துதான் மெஷினை உள்ள மாட்டிக் குடுத்தேன்." லென்ஸை மேசையில் வைத்தார். "நான் உங்ககிட்ட இதைச் சொல்லலையே?"

சொல்லவில்லை.

"கடைசிக் கோடு குட்டையா இருந்துச்சா?" என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்காமல் வந்துவிட்டேன்.

அண்ணியும் நிஜமாக இருப்பாளா என்று அன்றைக்கு முழுவதும் யோசித்தேன். இருந்தால், அவள் வீடு எந்தத் தெருவில்?

7

விபத்தை மறுபடி எழுதினேன். அடித்தல் திருத்தல் இல்லாமல் வந்தது. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை.

பீம் இடுப்புக்குக் கீழே கிடந்தது. முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. கிரேனைத் திருப்பச் சொல்லி யாரோ கத்திக்கொண்டிருந்தார்கள். தம்பி மண்டியிட்டு, அண்ணனின் இடது கையைத் தூக்கி மடியில் வைத்து, வாரின் கொக்கியை நெம்பினான். அப்போது வலது கை எங்கிருந்தோ வந்து வாட்ச்சின் மேல் கவிந்தது. நாலு விரலும் கூட்டின் விளிம்பில் இறுகின.

"கழட்டாதடா."

"கை வீங்கிடும்ணே. விடுண்ணே."

"கழட்டாதடா."

"ஒண்ணும் ஆகாதுண்ணே, விடு."

தம்பி விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். ஒன்று. இரண்டு. மூன்று. நாலாவது விரலைப் பிரிக்க வேண்டியிருக்கவில்லை.

அண்ணன் அந்தக் கொட்டகையில் பலரது வாட்ச்சைக் கழற்றிக் கவரில் போட்டவன். தன் கணக்கையும் முடிக்கிறார்கள் என்று நினைத்தானா? அல்லது மனைவி வாங்கிக் கொடுத்த வாட்ச் என்பதால் விட மனமில்லையா? நான் அவன் வாயில் இன்னொரு வார்த்தை வைக்கப் பார்த்தேன். அவன் ஏற்கவில்லை.

8

முடிவுகள் இரண்டு எழுதி வைத்திருந்தேன். ஒன்றில், அண்ணி வருகிறாள், கறுப்பு வாட்ச்சைப் பார்க்கிறாள், "புதுசா தம்பி?" என்கிறாள், அடையாளம் தெரியாமலே போய்விடுகிறாள். இன்னொன்றில், அந்த நாலு கோடுகளைப் பார்த்த மாத்திரத்தில் அவளுக்குப் புரிந்துவிடுகிறது. இரண்டையும் கிழித்துப் போட்டேன். ஏனென்றால் அவள் வாட்ச்சுக்காக வரவில்லை.

ஒரு விடுமுறை நாள் மதியம் வந்தாள். தம்பியின் மனைவி கடைக்குப் போயிருந்தாள். தம்பி முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டான். அவள் பார்வை அந்தப் பக்கமே போகவில்லை. உட்காரவும் இல்லை.

"உங்களை ஒண்ணு கேக்கணும் தம்பி. சுத்தி வளைக்காம சொல்லணும்."

"கேளுங்க அண்ணி."

"அவர் வலியில்லாம போயிட்டாருன்னு ஊரே சொல்லி என்னைத் தேத்துது. நீங்கதான் முதல்ல சொன்னீங்க. சரின்னுதான் நானும் நினைச்சேன். ஆனா ரெண்டு மாசமா எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் ஓடுது. வலி தெரியாம போனவர், எனக்குன்னு ஒரு வார்த்தை இல்லாமலும்தானே போயிருக்காரு? அன்னைக்குக் காலைல என்கிட்ட கோவிச்சுக்கிட்டு சாப்பிடாம கிளம்பினாரு. கதவை அறைஞ்சு சாத்தின சத்தம்தான் எனக்குக் கடைசி. அவ்வளவுதானா தம்பி? நெசமாவே நீங்க போறதுக்கு முன்னாடியே முடிஞ்சுடுச்சா?"

இந்த இடத்தில் நான் ஒன்பது நாட்களாக நிற்கிறேன்.

பழைய பொய்யையே மறுபடி சொல்லலாம். அவளுக்கு அந்தக் கதவுச் சத்தம் மட்டும் மிஞ்சும். உண்மையைச் சொல்லலாம்: உயிர் இருந்தது, வலியும் இருந்திருக்கும், உங்கள் வாட்ச்சைப் பிடித்துக்கொண்டு கழட்டாதே என்றார், நான் விரல்களைப் பிரித்தேன். புதிதாக ஒரு பொய்யும் சொல்லலாம்: உங்க பேரைத்தான் சொன்னார் அண்ணி. மூன்றையும் எழுத எனக்குத் தெரியும். மூன்றையும் நன்றாகவே எழுதுவேன். ஆனால் அந்தக் கடையிலிருந்து வந்த பிறகு, நான் எதை எழுதினாலும் எங்கோ ஒரு வீட்டில் ஒரு பெண்ணின் காதில் அது அப்படியே விழும் என்று தோன்றுகிறது. கை வரவில்லை.

அதனால் தம்பி இருந்த இடத்தில் இப்போது நீங்கள் இருக்கிறீர்கள். அவள் நடந்தே வந்திருக்கிறாள். முதலில் உட்காரச் சொல்லுங்கள். தண்ணீர் கொடுங்கள். குடித்து முடிக்கும்வரை உங்களுக்கு நேரம் இருக்கிறது.

குடித்துவிட்டாள்.