போனுக்கென்று ஒரு முகம்

ஆலங்குடிப் பக்கம் காதணி விழா என்றால் ஃபிளெக்ஸ் பேனர் இல்லாமல் நடக்காது. மகள் அறிவுமதிக்குக் காது குத்த மண்டபம் பிடித்த கையோடு கோபிநாத் ஓடியதும் ஃபிளெக்ஸ் கடைக்குத்தான். அதில் மகள் படம் சின்னது, மனைவி பரிமளாவின் படம்தான் பெரியது. மூன்று வருஷம் கழித்துக் குவைத்திலிருந்து விடுப்பில் வருகிறாளே, அந்த மரியாதை. வீடியோ காலில் பிடித்த படம். பின்னால் வெறும் சுவர், கலங்கிய கண், சிவந்த மூக்கு. கீழே, ‘எங்களுக்காகப் பாலைவனத்தில் உருகும் மெழுகுவர்த்தியே, வருக!’ என்று போட்டிருந்தது.

முந்தின நாள் இரவுதான் வந்திறங்கியிருந்த பரிமளாவுக்கு, மண்டப வாசலில் அதைப் பார்த்ததும் அப்படியே திரும்பிப் போய்விடலாமா என்றிருந்தது. மெழுகுவர்த்தி எங்கே உருகியது, ஒரு சுற்றுப் பெருத்தல்லவா இருந்தது. சொந்தக்காரப் பெண்கள் அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கவலையில் உடம்பு ஊதிப்போயிற்று என்று காரணத்தையும் அவர்களே கண்டுபிடித்துக்கொண்டார்கள். அவள் மறுக்கவில்லை.

மறுத்து என்ன சொல்வது? குவைத்தில் ஒரு வீட்டில் சமையல் வேலை. விருந்தாளிகள் வந்தால் இடுப்பு ஒடியும், அதெல்லாம் நிஜம்தான். ஆனால் காலையில் தெருமுனை ரொட்டிக் கடைக்கு அவள்தான் போவாள். ஜனவரிக் குளிரில் மூக்கு நுனி சில்லிட்டுப் போயிருக்கும். அடுப்பிலிருந்து எடுத்த, எள் தூவிய குபூஸ் ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுப்பார்கள். நெஞ்சோடு அணைத்துக்கொண்டால் சூடு வயிறு வரை இறங்கும். ஓரத்தில் ஒரு துண்டு பிய்த்துப் போட்டுக்கொண்டு, எள் பல்லில் கடிபட, ஆளில்லாத தெருவில் மெதுவாக நடந்து வருவாள். அந்தக் கொஞ்ச நேரம் அவள் யாருக்கும் பெண்டாட்டி இல்லை, மருமகள் இல்லை. சில நாள் அறிவுமதிக்கு அம்மாகூட இல்லை. அதை நினைத்தால்தான் அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பு வரும். ஆறு வயதுப் பிள்ளையை விட்டுவிட்டு வந்தவளுக்கு ரொட்டி வாசத்தில் என்ன கொண்டாட்டம்?

போன புதிதில் போனில் சிரித்துத்தான் பேசினாள். அங்கிட்டுப் போய் ஜாலியாக இருக்கிறாள் என்று மாமியார் நாலு பேரிடம் சொன்னது காதுக்கு வந்தது. அன்றிலிருந்து போனுக்கென்று ஒரு முகம் வைத்துக்கொண்டாள். உதட்டில் ஒட்டிய எள்ளைத் துடைத்துவிட்டு, சாமான் அறைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துதான் போன் போடுவாள். மகளைக் கண்டதும் அழுகை நிஜமாகவே வந்துவிடும். அதில் பாதி வெட்கத்தில் வந்த அழுகை.

தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்தி முடிந்தது. பந்தியில் பிரியாணிக்குப் பிறகு ஐஸ்கிரீம் வைத்தார்கள். அறிவுமதி தன் கப்பைப் பக்கத்து இலைப் பக்கம் தள்ளிவிட்டாள். அம்மா அங்கே கஷ்டப்படும்போது தனக்கு எதற்கு என்று பிள்ளை மூன்று வருஷமாக ஐஸ் தொடுவதில்லை என்று கோபிநாத் பெருமையாகச் சொன்னான். கேட்டவர்கள் உச்சுக்கொட்டினார்கள். பரிமளாவுக்குப் புரிந்துவிட்டது. பிள்ளையின் வாயைக் கட்டியது தன் அழுமூஞ்சிதான். உண்மையைச் சொன்னால் மகள் தன்னை வெறுத்துவிடலாம். சொல்லாவிட்டால் அவள் இப்படியே ஒவ்வொன்றாகத் தள்ளிவைத்துக்கொண்டே போவாள்.

கை கழுவியதும் மகளை மணமகள் அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். ரொட்டிக் கடை, குளிர், எள் எல்லாவற்றையும் தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள்.

“அம்மா அங்க எப்பவும் அழுதுக்கிட்டு இல்லத்தா. நல்லாத்தான் இருந்தேன். ஒன்னய நெனைக்காமக்கூட இருந்திருக்கேன்.”

அறிவுமதி கோபப்படவில்லை. வலிக்கிற காதைத் தொட்டுப் பார்த்தபடி கொஞ்சம் யோசித்தாள்.

“நானும் அப்படித்தாம்மா,” என்றாள்.

ஓடிப்போய் அப்பாவின் போனை வாங்கிவந்து ஒரு வீடியோவைக் காட்டினாள். பம்புசெட்டுத் தொட்டியில் குதித்து எழுந்து, தண்ணீர் சொட்டச் சொட்ட ஓடிவருகிறாள் அறிவுமதி. வாய்கொள்ளாத சிரிப்பு. முன்பல் இரண்டும் இல்லை. இதை அம்மாவுக்கு அனுப்ப வேண்டாம் என்று அப்பாவிடம் சொன்னதே தான்தான் என்றாள்.

பரிமளா மகளின் வாயைப் பார்த்தாள். புதுப் பற்கள் முளைத்து முழுசாக வளர்ந்திருந்தன.

“பல்லு எப்பத்தா விழுந்துச்சு?”

“ரெண்டாவது படிக்கிறப்ப. ஒன் போன் வந்தா வாயைச் சரியாத் தொறக்காமயே பேசுவேன். நீ அழுவுறப்ப நான் சிரிச்சுட்டா நல்லாவாம்மா இருக்கும்?”

பரிமளா வீடியோவை மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டாள். பக்கத்தில் நின்ற மகளை நிமிர்ந்து பார்க்க அவளுக்குக் கூசியது.