தார் அண்டாவுக்கு மஞ்சள் தண்ணீர்

உச்சிப்புளியைத் தாண்டி மண்டபம் போகிற ரோட்டில் அந்த வருஷம் பஸ் போனதா, படகு போனதா என்று சொல்வது கஷ்டம். அவ்வளவு பள்ளம். கடலோரத்தில் நல்ல ஜல்லிக்கு எங்கே போவது? பழைய ரோட்டையே பெயர்த்து, கட்டிகளை உடைத்து, புதுத் தார் ஊற்றிப் புரட்டித் திரும்பப் போட்டுவிடலாம் என்று கண்டிராக்டர் முடிவு செய்தார். மழை பொய்த்து முதுகுளத்தூர்ப் பக்கமிருந்து வேலை தேடி வந்தவர்களில் சோலையம்மாளும் அவள் புருஷன் முனியசாமியும் உண்டு. அவள் கட்டி உடைத்தாள். அவன் தார் அண்டாவைக் கிண்டினான்.

போன மாதம் ஒருவன் காலில் தார் கொட்டி முழங்காலுக்குக் கீழே வெந்துபோனது. அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. புது அண்டா வந்து இறங்கியதும், வீட்டில் புது அடுப்புக்குச் செய்வதை இதற்கும் செய்துவிட வேண்டும் என்று தீர்மானித்தாள். காலையில் மற்றவர்கள் வருமுன் போய், சுற்றி மஞ்சள் தண்ணீர் தெளித்து, குங்குமம் வைத்து, புருஷனுக்காகக் கும்பிட்டாள். செம்பில் மிச்சம் இருந்தது. கும்பிட்ட தண்ணீரை நாலு பேர் மிதிக்கிற ரோட்டில் கொட்ட மனசு வருமா? அண்டாவுக்குள்ளேயே ஊற்றிவிட்டாள்.

அப்புறம் ஆட்கள் வந்தார்கள். உள்ளே எட்டிப் பார்க்காமலே தார்க்கட்டிகளைப் போட்டு நெருப்பு மூட்டினார்கள். நெருப்பைப் பார்த்துக்கொள்கிற பாக்கர், குடத்தோடு வந்த ஒருத்தியை விரட்டினார்.

"தண்ணிய அங்கன கொண்டு போ தாயி! சூட்டுத் தாருக்குள்ள தண்ணி போச்சுன்னா பால் மாதிரிப் பொங்கிரும். போன மாசம் அவன் காலு எப்படி வெந்துச்சுன்னு நெனைக்கிற?"

சோலையம்மாளின் சுத்தியல் நின்றுவிட்டது.

"இந்தாங்க, கொஞ்சம் இங்கன வந்துட்டுப் போங்க" என்று புருஷனைக் கூப்பிட்டாள்.

"வேலையா இருக்கேன்ல புள்ள."

"ஒரு நாழி பிரிஞ்சு இருக்க மாட்டாளாம்!" என்று பெண்கள் சிரித்தார்கள். மேஸ்திரி திரும்பி முறைத்தார். அண்டா பக்கம் தண்ணீர் கொண்டு போகிறவர்கள் வீட்டுக்குப் போகலாம் என்று, காரணம் சொல்லாமலே, முதல் நாளே சொன்ன மனுஷர். வேலை போனால் வீட்டில் அடுப்பில் பூனைதான் படுத்திருக்கும். ஒரு செம்புக்கும் குறைவுதானே, வற்றியிருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிப் பார்த்தாள். தார் உருகத் தொடங்கியது. அடியில் சடசடவென்று சத்தம் கேட்டது.

சுத்தியலை எறிந்துவிட்டு ஓடினாள்.

"உள்ள தண்ணி கெடக்கு! நாந்தான் ஊத்துனேன்! வந்துருங்க!"

முனியசாமி வாயைப் பிளந்துகொண்டு நின்றான். அவன் கையைப் பிடித்து இழுத்தாள். பாக்கர் ஒன்றும் கேட்கவில்லை, பக்கத்திலிருந்த ஆட்களைத் தள்ளிக்கொண்டு ஓடினார். மேஸ்திரி திட்டி முடிக்குமுன் அண்டாவிலிருந்து கறுப்பு நுரை எழும்பி, விளிம்பைத் தாண்டி, முனியசாமி நின்ற இடத்தையும் அதை ஒட்டிக் குவித்திருந்த பழைய ரோட்டுத் துண்டுகளையும் மூடியது. அடுப்பு குப்பென்று பற்றியது. எல்லோரும் மணலை வாரிக் கொட்டி அணைத்தார்கள்.

"என்ன எழவுக்குப் புள்ள ஊத்துன?" என்று முனியசாமி கத்தினான்.

"ஒங்களுக்கு ஒண்ணும் ஆயிறக் கூடாதுன்னுதான்."

அவன் நுரை மூடிய இடத்தைப் பார்த்தான்.

"நாளையிலருந்து நீ வர வேணாம்" என்றார் மேஸ்திரி. தார் வீணாகலாமா? நுரை விழுந்த குவியலை அப்படியே புரட்டி ஒரு பள்ளத்தில் போட்டு ரோலரை ஓட்டச் சொன்னார்.

மறுநாள் அவள் ஊருக்குப் பஸ் ஏறத் தனியாக நடந்தாள். முனியசாமி மறுபடியும் அண்டா முன்னால் நின்றான். அவள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

நேற்று அடைத்த பள்ளத்தின் மேல் ஒரு பஸ் போயிற்று. கல் ஒன்றுகூடப் பெயரவில்லை. சோலையம்மாள் குனிந்து அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கும்பிட்ட தண்ணீர் சேர்ந்த தார் ஆயிற்றே. மிதிக்காமல், ஓரமாக மணலில் இறங்கிச் சுற்றிக்கொண்டு போனாள்.