அரிசியளவுப் புண்

மழை ஓய்ந்த மாலைப்பொழுதில், கூரை விளிம்புகள் இன்னும் சொட்டிக்கொண்டிருக்க, கல் பாவிய குறுந்தெருவில் விளக்குகள் ஒவ்வொன்றாய்க் கண்விழிக்க, நெருங்கி நின்ற மாடிவீடுகளின் பலகணிகளிலிருந்து அடுப்பொலியும் பிள்ளைகளின் பூசலும் கலந்து வழிய, அவ்வோசைகளில் ஒன்றையேனும் தனதென்று சொல்லிக்கொள்ள இயலாதவளாய், கட்டுத்துணிப் பையைத் தோளில் தாங்கி நடந்தாள் மருந்தாய்வாளர் ஒருத்தி.

வழியோரத்தில் கேட்பாரற்றுக் கிடக்கும் வெட்டுக்காயப்பூண்டு புண்ணை விரைந்து ஆற்றும் என்பது ஊரார் வாய்ச்சொல். அவ்வாய்ச்சொல்லை மெய்ப்பித்துக் காட்டுவதற்கே, அன்பர்களே, அவள் தன் இளமையைச் செலவிட்டிருந்தாள். மணப்பேச்சு வந்தபோதெல்லாம் அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்றவள், அடுத்த ஆண்டுகள் தீர்ந்துபோனதைக் கவனித்தாளில்லை. உடன் பணியாற்றுவோர் 'பூண்டுக்காரி' என்று கேலி செய்வர்; அவளை உரிமையோடு அழைக்கும் குரல் அதுவன்றி வேறில்லை. நெடுநாட் புண்ணுடையோரில் பாதிப்பேருக்குப் பூண்டுக் களிம்பும் மீதிப்பேருக்கு வெறுங்களிம்பும் இட்டு ஒப்புநோக்குவது அவளது ஆய்வு. எவர்க்கு எது என்பது, முடிவு காணும் நாள்வரை, இடுகின்ற அவளுக்கும் மறைக்கப்பட்டிருந்தது.

அம்மாலை அவள் சென்றது, நாடக அரங்கொன்றில் வாழ்நாளெல்லாம் திரையிழுத்து ஓய்ந்து, இப்போது ஒற்றை அறையில் தனித்து வாழும் முதியவரின் வீட்டுக்கு. அவர் கணுக்காற் புண் நாளும் சுருங்கி அரிசியளவானது. ஆனபின் அங்கேயே நின்றுவிட்டது. கட்டும் முறையை மாற்றினாள், உணவை மாற்றச் சொன்னாள்; அரிசி அரிசியாகவே இருந்தது. அன்று வழக்கத்தினும் முன்னதாகவே வந்துவிட்டவள், பாதி திறந்த கதவின் வழியே கண்டாள்: முதியவர் குனிந்து, புதிதாய்க் கட்டிய பொருக்கைக் கட்டைவிரல் நகத்தால் நெம்பிக்கொண்டிருந்தார்.

"என்னய்யா பண்றீங்க?"

திடுக்கிட்டவர், களவு பிடிபட்ட பிள்ளைபோல் காலை வேட்டிக்குள் இழுத்துக்கொண்டார்.

"திரை விழுந்தா எல்லாரும் எழுந்து போயிடுவாங்கம்மா. ஆயுசு பூரா பார்த்தவன் நான். புண்ணு ஆறிட்டா நீ எதுக்கு வரப்போறே?"

என் உழைப்பில் மண்ணைப் போட்டீரே என்று கத்த வேண்டும்போலச் சினம் மூண்டது அவளுக்கு. ஆனால், தான் ஏன் இத்தனை முன்னதாக வந்தோம் என்று அக்கணமே தன்னைக் கேட்டுக்கொண்டாள். தன் வீட்டிலும் காத்திருப்பார் எவருமிலர் என்பதன்றி விடையில்லை. கையைக் கழுவிவரச் சொல்லிக் கட்டுப்போட்டாள். புண் ஆறவில்லை என்பதையும், கண்ட காரணத்தையும், உள்ளபடியே குறித்தாள்.

மறைப்பு நீங்கிய நாளில், முதியவருக்கு இட்டது பூண்டுக் களிம்பே எனத் தெரிந்தது. பூண்டு பெற்ற பலர்க்கும் புண் விரைந்தே ஆறியிருந்தது; ஆயினும் இது தற்செயல் அன்று எனத் துணிந்து சொல்ல ஒரேயொருவர் குறைந்தார்.

"அந்தப் பெரியவரை விட்டுட்டுக் கணக்குப் போடும்மா," என்றார் ஆய்வுக்கூடத் தலைவர். "அவரே நோண்டிக்கிட்டதுதானே? யாரு கேட்கப்போறாங்க?"

"ஆரம்பிச்சவங்க எல்லாரையும் சேர்க்கணும்னு விதி போட்டதே நாமதானே ஐயா. முடிவு பிடிக்கலேன்னு இப்போ மாத்தலாமா?"

சான்று போதவில்லை என்று தன் கையாலேயே எழுதினாள். எழுதியபின், ஆளற்ற ஆய்வுக்கூடத்தில் அமர்ந்து வாய்விட்டு அழுதாள்.

மறுநாள் மாலை, பையில்லாத தோளோடு அதே தெருவில் நடந்தாள். முதியவர் பழக்கத்தால் காலை நீட்டினார்.

"காலை மடக்கிக்கோங்க. ஆய்வு முடிஞ்சுபோச்சு."

அவர் முகம் சுண்டிப்போயிற்று. "அப்போ எதுக்கும்மா வந்தே?"

"சும்மாதான். பேசிட்டுப் போலாம்னு."

அம்மாதம் முடியுமுன்னரே, களிம்பு ஏதும் இடாமலே, அரிசியளவுப் புண் மூடிற்று. அதனை அவள் எங்கும் சான்றென்று எழுதினாளில்லை. ஒருவரைக் கொண்டு ஒன்றை மெய்ப்பித்தல் ஆகாது என்பதை அவளினும் நன்கறிந்தார் யார்? ஆயினும், மாலைதோறும் அவள் தட்டுமுன்னரே அக்கதவு திறந்திருந்தது.