படகுக்காரனின் காலை

அன்று மதியத்துக்குள் படகுக்காரனோடு பதினேழாவது இரவைக் கழித்து முடித்திருந்தேன். மூன்று ஜாடி தேன் கொடுக்க வேண்டும். செத்துப்போன அண்ணனைப் பற்றி இரண்டு முறை கேட்க வேண்டும். பிறகு அவன் கூடாரத் துணியை விலக்குவான். இரண்டு தோள்கள், ஒரு கழுத்து, அதோடு திரை கறுத்துவிடும். மூன்று விநாடி. விடிந்ததும் படகில் உட்கார்ந்துகொண்டு, முதல் நாள் பார்த்தபோது கேட்ட அதே குரலில் கேட்பான்: "துடுப்பா, கயிறா, எது வேணும்?"

தம்பெரே நகரில் ஒரு பழைய நூற்பாலையின் மூன்றாவது மாடியில் எங்கள் அலுவலகம். வெளிவருவதற்கு முன் வீடியோ கேமை ஆடிப் பார்த்துப் பிழை கண்டுபிடிப்பது என் வேலை. வகுப்பில் எழுந்து நின்று பேச முடியாமல் பதினேழு வயதில் பள்ளியை விட்டவள் நான். இப்போது இருபத்து நான்கு. இங்கே பேச வேண்டியதில்லை, எழுதினால் போதும். கேமில் வரும் படகுக்காரனின் அந்தக் கேள்வியைப் பிழை என்று மூன்று முறை எழுதி அனுப்பினேன். மூன்று முறையும் 'பிழை இல்லை' என்று திரும்பி வந்தது. அன்று மாலை நான்கு மணிக்குக் கேமை வெளியீட்டுக்காகப் பூட்டிவிடுவார்கள், அதற்கு மேல் யாரும் எதையும் மாற்ற முடியாது.

போன ஆண்டு நடுக்கோடை விழாவின்போது, ஏரிக்கரைக் குடிலில் ஒருவனோடு ஓர் இரவு இருந்தேன். காலையில் காப்பி ஊற்றியவன், "பால் வேணுமா?" என்றான். நான் வாயைத் திறப்பதற்குள், "இல்லல்ல, நேத்தே வேணாம்னியே" என்று தானே சொல்லிக்கொண்டான். பேருந்து நிறுத்தம்வரை வந்தான். அதன் பிறகு நாங்கள் சந்திக்கவில்லை. சந்திக்க வேண்டுமென்று இருவருக்கும் தோன்றவும் இல்லை. ஆனாலும் பால் விடாத காப்பியைக் குடிக்கும்போதெல்லாம், ஒருவன் என்னை ஒருநாள் கவனித்திருக்கிறான் என்று நினைத்துக்கொள்வேன். இதை நோட்டில் எழுதி வைத்திருந்தேனே தவிர யாரிடமும் சொன்னதில்லை.

இரண்டரை மணிக்கு எழுந்து தோர்ஸ்தியின் மேசைக்குப் போனேன். எது பிழை, எது இல்லை என்று முடிவு செய்பவர் அவர்தான்.

"வாம்மா படகுக்காரன் பொண்டாட்டி, இன்னைக்கு எத்தனாவது முதலிரவு?"

"பதினேழு."

"அடேங்கப்பா! பாவம், அவன் முதுகு என்னத்துக்கு ஆகும்? இங்க பாரு சைமி, அது ஒரு ராத்திரி சமாச்சாரம். ரெண்டு பேரும் வளர்ந்தவங்க. விடிஞ்சதும் அவனவன் பொழப்பைப் பாக்குறான். அதுல என்ன தப்பு?"

"தப்புன்னு சொல்லல." என் காது சுட்டது. "என்னைக் கட்டிக்கோன்னா கேக்குறேன்? ராத்திரி வந்தது நான்தான்னு காலையில அவனுக்குத் தெரிஞ்சா போதும். ஒரு தடவ... என்கிட்ட ஒருத்தன் பால் வேணுமான்னு கேட்டான்."

சொல்லிவிட்டு, ஏன் சொன்னோம் என்று தரையைப் பார்த்தேன். தோர்ஸ்தி சிரிக்கவில்லை.

"அவனுக்குக் குரல் கொடுத்தவர் ஊருக்கே போயிட்டாரே" என்றார் மெதுவாக. "புது வசனத்துக்கு எங்க போவேன்?"

பக்கத்து மேசையில் கேம் பாத்திரங்களுக்கு அசைவு அமைக்கும் வுவொக்கோ ஒரு காதிலிருந்து ஹெட்போனை நகர்த்தினாள். "வசனம் எதுக்கு? கிழவன் ஒருத்தன் நாய்க்கு இடம் விட்டு நகர்ந்து உக்காருவானே, அந்த அசைவு சும்மாதான கெடக்கு. அந்த நாயைத்தான் நீ கேம்லேர்ந்தே தூக்கிட்டியே தோர்ஸ்தி, நெனப்பிருக்கா? அதை எடுத்து இவனுக்கு மாட்டுறேன்."

"நாலு மணி வரைக்கும்தான்" என்றார் தோர்ஸ்தி.

மூன்று ஐம்பதுக்குப் பதினெட்டாவது இரவு முடிந்தது. திரை கறுத்து வெளுத்தது. படகுக்காரன் நிமிர்ந்து பார்த்தான். எதுவும் கேட்கவில்லை. பலகையில் ஒரு சாண் நகர்ந்து, காலியான இடத்தை உள்ளங்கையால் இரண்டு முறை தட்டினான். நாயைக் கூப்பிடுகிற தட்டல்தான். ஆனாலும் நாற்காலியைத் திரைக்கு இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

தோர்ஸ்தி காப்பிக் கோப்பையோடு என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார்.

"கரையில நிக்கிற உன் ஆளு படகுல உக்கார முடியாதே. அதுக்கு அசைவே செய்யலியே."

"தெரியும்."

"அடுத்த ஆத்தையும் நீ ஆடிப் பாக்கணும், நேரமாச்சு."

"ம்" என்றேன். விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டேன். திரையில் என் ஆள் கரையில் நின்றாள். தண்ணீர் ஆட, படகும் ஆடியது. படகுக்காரன் பலகையை இன்னொரு முறை தட்டினான்.