பெரம்பூர் பிரதர்ஸ்

நாகலிங்கம் நாலாவது வாளித் தண்ணீரைத் தலையில் கவிழ்த்தபோது அனந்தகிருஷ்ணனுக்கு மூச்சு முட்டியது. வீட்டுக்குப் பின்னால், கார் கழுவும் குழாயடியில், ஈர வேட்டியோடு குந்தியிருந்தான். பிப்ரவரி மாதத்துக் காற்று கடல் பக்கமிருந்து அடித்தது. பஹ்ரைனில் ஈசா டவுன் குழாயில் வருவது பாதி உப்புத் தண்ணீர்; கண் எரிந்தது. எரியட்டும் என்று விட்டான். காலையிலிருந்து அழுகை வரவில்லை, இதுவாவது உதவட்டும்.

"போதும் சார், எந்திரிங்க. சளி புடிச்சுக்கிடும்," என்றார் நாகலிங்கம்.

இறந்துபோன அண்ணன் சேதுராமனோடு கப்பல் ஏஜென்சி ஆபீஸில் ஏழு வருஷம் அடுத்தடுத்த மேஜையில் இருந்தவர் அவர். மந்திரம் சொல்ல ஆள் கிடைக்காமல், யார் வீட்டிலிருந்தோ வாங்கி வந்த புத்தகத்தைத் தடவித் தடவி வாசித்ததும் அவர்தான். சிந்தி வியாபாரிகள் பார்த்துக்கொள்ளும் அந்தச் சுடுகாட்டில் விறகு சேர்ந்ததே பெரிய காரியம். சேதுவுக்கு ஆண்பிள்ளை இல்லை, நீலா ஒரே பெண். கொள்ளி தம்பி கைக்கு வந்தது.

தந்தியில் 'சீரியஸ், உடனே வா' என்றுதான் இருந்தது. புஜைராவில் ரோடு போடும் கம்பெனியில் அனந்து ஸ்டோர் கீப்பர். அவர்கள் போடும் ரோடு இன்னும் மலையைத் தாண்டவில்லை. கம்பெனி லேண்ட்ரோவரில் காய்ந்த ஆற்றுப் படுகை வழியாகக் குலுங்கி, துபாய் வந்து, விமானம் பிடித்தான். வழி நெடுக ஒரே வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தான். 'அன்னிக்கு நான் காத்துண்டிருந்திருக்கணும் அண்ணா.' ஒன்பது வருஷமாக நாக்கு நுனியில் நின்ற வாக்கியம். ஆஸ்பத்திரி வாசலில் நாகலிங்கம் தலை குனிந்து நின்றதைப் பார்த்ததும் அது தொண்டைக்குள்ளேயே திரும்பிப் போய்விட்டது.

உலர்ந்த வேட்டிக்கு மாறி உள்ளே வந்தான். கூடத்தில் சோபாக்களைச் சுவர் ஓரம் தள்ளிவிட்டுப் பாய் விரித்திருந்தார்கள். மன்னி சந்திரகலா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டு ஜலஜா ஒரு டம்ளர் மோரை வைத்துக்கொண்டு அவளைக் குடி குடி என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். மணி நாலு இருக்கும். வந்தவர்களில் பாதிப் பேர் மத்தியான டியூட்டிக்குத் திரும்பியிருந்தார்கள்.

நீலா உள்ளறையிலிருந்து வந்து அவன் முன்னால் நின்றாள். பத்து வயது. கையில் சின்ன இசைத்தட்டு, நடுவில் பெரிய ஓட்டையோடு. காகித உறையின் மேல் இரண்டு இளைஞர்கள் ஒரே மைக்குக்கு முன்னால் கன்னத்தோடு கன்னம் ஒட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"சித்தப்பா, இதுல எது அப்பா வாய்ஸ்? அப்பா ஒரு நாள்கூட இதைப் போட விட்டதே இல்ல. ஐ வான்ட் டு ஹியர் ஹிம்."

அனந்து உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

அந்தத் தட்டின் கதை தெரிந்தவர்கள் உலகத்தில் நாலைந்து பேர்தான். பெரம்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்த பிள்ளைகள் இருவரும். அடுத்த வீட்டு ஆங்கிலோ இந்திய எஞ்சின் டிரைவர் ரேடியோகிராம் வைத்திருந்தார். அதில் வந்த அமெரிக்கப் பாட்டுகளைச் சுவரில் காதை வைத்தே பாடம் பண்ணினார்கள். சேது பாட்டைக் கீழே பிடித்துக்கொள்வான், அனந்து அதற்கு மேலே ஒட்டிக்கொண்டு போவான். அப்பா இதை ஊளை என்றார். ரயில்வே இன்ஸ்டிட்யூட் டான்ஸில் முதல் தடவை பாடியபோது எஞ்சின் டிரைவர்கள் பெஞ்சில் ஏறி நின்று விசில் அடித்தார்கள். அப்புறம் காலேஜ் விழாக்கள், மவுண்ட் ரோடு ஹோட்டலில் ஞாயிற்றுக்கிழமை சாயந்திரங்கள், பெங்களூரில் ஒரு மாதம். போஸ்டரில் 'பெரம்பூர் பிரதர்ஸ்' என்று போட்டார்கள். கேட்டவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: கண்ணை மூடினால் யார் குரல் யாருடையது என்று தெரியவில்லை.

சேது சொந்தமாக ஒரு பாட்டு எழுதினான். இங்கிலீஷ் பாட்டு, ஆனால் சமாசாரம் உள்ளூர். வீடு வந்துவிட்டது, ஊர் விளக்கு தெரிகிறது, ரயிலைச் சிக்னலில் நிறுத்திவிட்டான் என்று ஒருவன் புலம்புகிற பாட்டு. 'பேசின் பிரிட்ஜ் சிக்னல்' என்று பெயர். அதைத் தட்டாக்க ஒரு கம்பெனி ஒத்துக்கொண்டது. கோடம்பாக்கத்தில் ஸ்டுடியோ, காலை பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை.

பதிவுக்கு நாலு நாள் முன்னால் சேது யாரிடமும் சொல்லாமல் பம்பாய்க்கு பஹ்ரைன் வேலை இன்டர்வியூவுக்குப் போயிருந்தான். நீலா கைக்குழந்தை, பாட்டு சோறு போடவில்லை. பதிவு நாள் காலையில் வந்துவிடுவேன் என்று போன இடத்திலிருந்து தந்தி அடித்தான். வண்டி வந்தது, மூன்று மணி நேரம் தாமதமாக. அதில் ஒரு மணி நேரம், சென்ட்ரலை எட்டப்போகும் இடத்தில், பேசின் பிரிட்ஜ் சிக்னலிலேயே நின்றது. எழுதியவனையே பாட்டு பழிவாங்கியது.

ஸ்டுடியோவில் பதினொன்றேகால் வரை அனந்து வாசலைப் பார்த்தான். 'ரெண்டு பாகமும் உனக்குத் தெரியும் இல்லையா' என்று கேட்டார் கம்பெனிக்காரர். தெரியும். முதலில் அண்ணன் குரலைப் பாடினான், அதை ஓடவிட்டு அதன்மேல் தன் குரலைப் பாடினான். பன்னிரண்டுக்கு முடிந்தது. சேது அரைமணி கழித்துப் பெட்டியோடு வந்து நின்று, முழுவதும் கேட்டான். "நல்லா இருக்குடா," என்றான். அதற்கப்புறம் அவர்கள் சேர்ந்து பாடவே இல்லை. அண்ணன்தான் பின்னால் வளைகுடாவில் வேலையும் வாங்கிக் கொடுத்தான், அந்தக் கதையை மட்டும் எடுக்கவில்லை.

இங்கே எல்லோரும் கேசட்டில் பேசி ஊருக்கு அனுப்புகிற காலம். சேது மட்டும் ஏர்மெயில் கடிதத்துக்கு மேல் போகமாட்டான். டேப் ரிக்கார்டர் பக்கமே வந்ததில்லை. ஆக, அண்ணன் குரல் எதிலும் இல்லை. இது அனந்துவுக்குச் சுடுகாட்டில் உறைக்கவில்லை, இப்போது நீலா தட்டை நீட்டியபோதுதான் உறைத்தது. இனிமேல் எங்கே போய்க் கேட்பது? அந்தக் குரல் வேண்டும் என்று அவனுக்கு வயிற்றிலிருந்து கிளம்பியது, பசி மாதிரி.

"என்னடி இது, இன்னிக்குப் போய் பாட்டா?" என்றாள் ஜலஜா. "சாவு வீட்டுல பாட்டு போடக்கூடாதும்மா. பதிமூணு நாள் போகட்டும்."

"அப்பா குரல்தானே ஆன்ட்டி. ஜஸ்ட் ஒன்ஸ்."

ஜலஜா சந்திரகலாவைப் பார்த்தாள். சந்திரகலா மோர் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"போடட்டும் ஜலஜா. குழந்தை கேக்கறா."

ரெக்கார்ட் பிளேயர் புத்தக அலமாரியின் மேல் இருந்தது. நீலாவுக்கு எட்டவில்லை, அனந்துதான் இறக்கிப் பாயில் வைத்தான். முள்ளை வைக்கும்போது இடம் தவறி முதல் வரி தப்பிப்போனது. மறுபடி வைத்தான். கிதார் தட்டியது, இரண்டு குரல்கள் சேர்ந்து எழுந்தன. இருபத்திமூன்று வயதுத் தன் தொண்டை, இரண்டு முறை.

நாகலிங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அந்தக் கீழ்க் குரல் சேது சார்தான். சந்தேகமே வேண்டாம். ஃபைல் எங்கய்யானு கேப்பாரே, அதே குரல்."

ஜலஜாகூடப் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு கேட்டாள். அனந்து வாயைத் திறக்கவில்லை. திறந்தால் இவர்களிடம் மிச்சமிருப்பதும் போகும். திறக்காவிட்டால் இந்தக் குழந்தை ஆயுசு முழுக்க அவன் குரலைத் தன் அப்பா என்று நினைத்து அழும். அண்ணன் இடத்தை ஒரு தடவை எடுத்துக்கொண்டது போதாதா என்று தன்மேலேயே அவனுக்கு ஆத்திரம் வந்தது.

பாட்டு முடிந்தது. நீலா நெற்றியைச் சுருக்கிக்கொண்டு தட்டையே பார்த்தாள்.

"இது அப்பா இல்ல."

"என்ன கண்ணு இப்படிச் சொல்றே," என்றார் நாகலிங்கம். "சின்ன வயசுக் குரல் அப்படித்தான் இருக்கும்."

"இல்ல அங்கிள். அப்பா இப்படிப் பாடமாட்டார்."

அனந்து தரையைப் பார்த்தபடி சொன்னான். "ரெண்டும் நான்தாம்மா. அன்னிக்கு அப்பா வண்டி லேட். நான் காத்திருக்கல. ரெண்டையும் நானே பாடிட்டேன்."

நாகலிங்கம் துண்டை மடித்து மடித்துப் பிரித்தார். அனந்துவுக்கு மன்னி முகத்தை நிமிர்ந்து பார்க்கத் தெம்பு இல்லை.

"எனக்குத் தெரியும் அனந்து," என்றாள் சந்திரகலா. "அன்னிக்கு ராத்திரியே சொல்லிட்டார்."

"கோவமா சொன்னாரா மன்னி?"

"கோவமா?" அவள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "'என் பாகம் அவனுக்கு வரது, அவன் பாகம் எனக்கு வரலையே. நான் இல்லாட்டாலும் பாட்டு நடக்கும்டி'ன்னார். அப்புறம் பஹ்ரைனுக்குக் கையெழுத்துப் போட்டார். உங்களுக்கு நல்லதுன்னு நினைச்சுண்டுதான் போனார். நீங்க தனியா பெரிசா வருவேள்னு இங்க வந்தும் பேப்பர்ல பேர் தேடிண்டிருந்தார்."

அனந்துவுக்கு இது தெரியாது. அண்ணன் போன பிறகு அவன் ஒரு மேடையும் ஏறவில்லை. கீழே பிடித்துக்கொள்ள ஆள் இல்லாமல் மேலே எப்படிப் போவது? அதை ஒரு கடிதத்தில் எழுதியிருக்கலாம். எழுதவில்லை. இருவரும் ஒருவருக்கொருவர் வழிவிட்டு, வளைகுடாவில் ஆளுக்கொரு மூலையில் ஸ்டோரும் ஆபீஸுமாக உட்கார்ந்திருந்தார்கள். இப்போதுதான் அழுகை வந்தது. ஜலஜா எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

அவன் குடித்து முடிக்கும்வரை நீலா பொறுத்தாள். "நீங்க எல்லாத்தையும் கரெக்டா பாடறேள் சித்தப்பா. அப்பா கரெக்டா பாடமாட்டார்."

"உனக்கு இந்தப் பாட்டு தெரியுமா?"

"டெய்லி ஸ்கூலுக்குப் போறச்சே கார்ல பாடுவார். என்னையும் பாடச் சொல்வார். திரும்பப் போடுங்கோ, எங்க தப்புன்னு சொல்றேன்."

முள்ளை எடுத்து வைத்தான். இந்தத் தடவை முதலிலேயே சரியாக விழுந்தது. முதல் வரியைத் தட்டு பாடிற்று. இரண்டாவது வரியில் நீலா சேர்ந்துகொண்டாள். தட்டு போகிற வேகத்துக்கு அவள் போகவில்லை. வரியின் கடைசி வார்த்தையில் அரைமாத்திரை தயங்கி நின்று, அப்புறம் சறுக்கினாற்போல் கீழே இறங்கினாள். அந்தத் தயக்கம் அன்று கோடம்பாக்கத்தில் எத்தனை முயன்றும் அனந்துவுக்கு வரவில்லை. அது சேதுவுக்கு மட்டும் வரும்.

அவன் கையை நீட்டி, வால்யூம் குமிழை இடது பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினான். தட்டு ஓசையில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. நீலா நிறுத்தாமல் பாடினாள்.