செருப்புகள் நின்ற வரிசை

மனிதனுக்கு அரசாங்கம் என்ற ஒன்றே தேவையில்லை என்று வருடக்கணக்காகப் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தவருக்கு அரசாங்கக் கல்லூரியில்தான் வேலை. யாராவது இதைக் குத்திக்காட்டினால், "சிறையைப் பத்தி எழுதணும்னா உள்ள இருந்துதான் பார்க்கணும்" என்பார். பென்ஷன் உள்ள சிறை. சொந்தக்காரர்கள் அவருக்குத் 'தத்துவம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். மாமனார் வீட்டில் அந்தப் பெயரைக் கொஞ்சம் இழுத்துச் சொல்வார்கள்.

அன்று தத்துவத்தின் மனைவிக்குக் கடைவாய்ப் பல் வலி. கன்னம் பன் மாதிரி வீங்கியிருந்தது. இரண்டு ராத்திரியாகத் தூக்கமில்லை. பல் டாக்டரோ மத்தியானம் வெளியூர் கிளம்புகிறார், இனி அடுத்த வாரம்தான். அதற்குள் பல் வெளியே வந்தாக வேண்டும். வாயைத் திறக்க முடியாததால் அவள் 'ம்' என்ற ஒன்றை வைத்தே குடும்பம் நடத்திக்கொண்டிருந்தாள். அதில் பல ரகம் உண்டு. திட்டுகிற 'ம்' மட்டும் அவருக்கு உடனே புரிந்துவிடும்.

டாக்டர் அறை மாடியில். படியேறினால் நீளமான நடை, இரண்டு பெஞ்சு, ஒரு மின்விசிறி. டோக்கன் கிடையாது, பெயர் எழுதிக்கொள்ள ஆள் கிடையாது. வந்தவர்கள் செருப்பைக் கழற்றி, சுவரோரமாகக் கடைசிச் செருப்புக்குப் பின்னால் விட்டுவிட்டு, காற்று வரும் இடமாகப் பார்த்து உட்கார்ந்தார்கள். வரிசையில் நின்றது செருப்புதான். முதல் ஜோடிக்காரர் அதை ஓரம் தள்ளிவிட்டு உள்ளே போனதும் மிச்சச் செருப்புகள் ஓர் இடம் முன்னால் நகர்ந்தன. யார் நகர்த்துவது? அந்தப் பக்கம் போகிற யாரோ. தாடையைத் துண்டால் கட்டியிருந்த பெயின்டர் ஒருவர், தண்ணீர் குடிக்கப் போகிற போக்கில், கால் கட்டைவிரலால் ஒவ்வொரு ஜோடியாக நெட்டித் தள்ளிவிட்டுப் போனார். தன்னுடையதை மட்டுமல்ல, எல்லாருடையதையும்.

தத்துவத்துக்கு மெய் சிலிர்த்தது. எத்தனையோ நூலகங்களில் தேடியது இங்கே ரப்பர் செருப்பாகக் கிடக்கிறது!

"யாருங்க இந்த ஏற்பாட்டைச் செஞ்சது?" என்று பெயின்டரைக் கேட்டார்.

"எந்த ஏற்பாடு?"

"இந்த வரிசை."

"நான் வர்றப்பவே இருந்துச்சு சார்."

"பழைய டாக்டர் காலத்துலேர்ந்தே இப்படித்தான்" என்றாள் கைக்குழந்தையோடு இருந்த ஒரு பெண்.

"பழைய டாக்டரா? ஆரம்பத்துலேர்ந்தே இவர்தாம்மா" என்றார் பக்கத்திலிருந்த பஸ் கண்டக்டர்.

"சரி, யாராவது செருப்பை மாத்தி வெச்சுட்டா? யார் தட்டிக் கேப்பாங்க?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எதுக்கு மாத்தி வைக்கணும்?" என்றார் கண்டக்டர்.

"சும்மா, ஒரு பேச்சுக்கு."

"அதான் கேக்கறேன், சும்மா எதுக்கு மாத்தி வைக்கணும்?"

தத்துவம் இதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை. காவல்காரன் இல்லாமல் உலகம் நடக்கும் என்று அத்தியாயம் அத்தியாயமாக எழுதியவருக்கு, இங்கே காவல்காரன் எங்கே ஒளிந்திருக்கிறான் என்று பார்க்காமல் இருப்புக்கொள்ளவில்லை. சோதனை செய்துவிட வேண்டியதுதான். செருப்பை முன்னால் நகர்த்தினால் திருட்டு, கொள்கைக்கு ஆகாது. பின்னால் நகர்த்தினால்? யாருக்கும் நஷ்டமில்லை. மனைவி இந்தக் கணக்கில் வரவில்லை. பெரிய சிந்தனைகளில் இப்படிச் சில்லறை விடுபட்டுப்போவது சகஜம். ஒழுங்கு நிஜமானால் யாராவது பார்த்துத் திருத்திவிடுவார்கள்.

மனைவி சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். அவளுடைய பழுப்புச் செருப்பு மூன்றாவதாக இருந்தது. அதை எடுத்துக் கடைசியில் வைத்துவிட்டு வந்து, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

யாரும் திருத்தவில்லை. பழுப்புச் செருப்புக்கு அடுத்த ஜோடிக்காரியான கைக்குழந்தைக்காரி மட்டும் எழுந்து வந்தாள்.

"ரொம்ப நன்றி சார். இவன் சிணுங்க ஆரம்பிச்சுட்டான், என்ன பண்ணப் போறேனோன்னு இருந்தேன். அவ்வளவு வலியிலயும் அக்கா விட்டுக் குடுத்திருக்காங்களே!"

"இல்லம்மா, அது வந்து..."

"பெரிய மனசு சார் உங்க வீட்ல" என்று கண்டக்டர் அவர் தோளைத் தட்டினார்.

அதற்குள் படியேறி வந்தவர்கள் பழுப்புச் செருப்புக்குப் பின்னால் தங்களுடையதை விட்டுவிட்டு உட்கார்ந்தார்கள். முன்னால் இருந்த இருவரும் போய் வந்ததும் கைக்குழந்தைக்காரி உள்ளே போனாள். போட்டோவுக்கு நிற்பதுபோல் தியாகியாக உட்கார்ந்திருந்த தத்துவத்துக்கு, கொடுத்ததைத் திரும்பக் கேட்க வாய் வரவில்லை. உதவியாளர் பெண் கதவைத் திறந்து எட்டிப்பார்த்தாள்.

"டாக்டர் கிளம்பற நேரம் ஆயிருச்சு. கடைசில இருக்கறவங்க அடுத்த வாரம் வர்ற மாதிரி இருக்கும்."

மனைவி கண்ணைத் திறந்தாள். தன் செருப்பை முன்னால் தேடினாள். பார்வை வரிசையோடு போய், வால்பக்கத்தில் அதைக் கண்டுபிடித்து, திரும்பி வந்து கணவர் மேல் நின்றது.

"ம்?"

"ஒரு சின்ன சோதனை... தானா உருவாகற ஒழுங்கு இருக்கு பாரு..."

"ம்."

இது அந்த ரகம்.

அவள் எழுந்தாள். செருப்பைக் கையில் எடுத்தாள். எல்லார் கண்ணெதிரிலும் வரிசையைத் தாண்டி நடந்து, கதவுக்கு நேராக, முதல் ஜோடிக்கும் முன்னால் வைத்தாள். தத்துவம் பெஞ்சின் நுனிக்கு நகர்ந்தார். இதோ வரப்போகிறான் காவல்காரன்!

முதல் ஜோடி பெயின்டருடையது. அவர் காலை நீட்டி, கட்டைவிரலால் தன் செருப்பைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து இடம் விட்டார்.

"தாங்கலையா தங்கச்சி? போங்க, போங்க."

கைக்குழந்தைக்காரி வெளியே வந்தாள். மனைவி உள்ளே போனாள். தத்துவம் பெயின்டரின் காதோரம் குனிந்தார்.

"ஏங்க, அவங்க பாட்டுக்கு முந்திட்டுப் போறாங்க, நீங்க ஒண்ணும் கேக்கலையே?"

பெயின்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க அவங்க வீட்டுக்காரர்தானே?"

"அது வேற விஷயம். அவங்க பொய்யா முந்தியிருந்தா?"

"பல்லைப் பிடுங்கிக்கறதுக்கு எவன் சார் பொய் சொல்லி முந்துவான்?"

கண்டக்டர் சிரித்து, சிரித்ததால் வலித்து, கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். தத்துவம் சிரிக்கவில்லை. அப்படியானால் இது பல் ஆஸ்பத்திரிக்கு மட்டும் செல்லுபடியாகிற சுதந்திரமா? சினிமா டிக்கெட்டுக்கு ஆகாதா? பின்னால் வைத்தால் தானம், முன்னால் வைத்தால் வலி. இதை இவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

கதவு திறந்தது. வாயில் பஞ்சோடு மனைவி வந்தாள். முகத்தில் இரண்டு நாளாக இல்லாத ஒரு தெளிவு. பெயின்டர் உள்ளே போனார். அவள் தன் செருப்பைப் போட்டுக்கொண்டாள். படிக்கட்டோரம் கிடந்த கணவரின் செருப்பை எடுத்தாள். வரிசையின் கடைசியில் ஒழுங்காக ஜோடி சேர்த்து வைத்தாள். அவரைப் பார்க்காமலே படியிறங்கினாள்.

"ஐயோ, சாருக்கும் பல்லா? சொல்லவே இல்லையே!" என்றார் கண்டக்டர்.

செருப்பை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடியிருக்கலாம். தடுக்க ஒருவரும் இல்லை. குனியக்கூடச் செய்தார். அப்போது படியேறி வந்த முன்பின் தெரியாத ஒருவர், வரிசையில் விழுந்திருந்த இடைவெளியைப் பார்த்து, ஒவ்வொரு ஜோடியாகக் கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே வந்தார். கடைசியில் தத்துவத்தின் செருப்பையும் ஒரு நெட்டு நெட்டிவிட்டு, தன்னுடையதை அதற்குப் பின்னால் கழற்றிவிட்டு, காற்று வரும் இடத்தைத் தேடிப் போனார்.

கீழே ஆட்டோ கிளம்பும் சத்தம் கேட்டது. தத்துவம் பெஞ்சில் உட்கார்ந்தார். அடுத்து யாருடைய கட்டைவிரல் வரப்போகிறது என்று பார்த்துக்கொண்டே, நாக்கால் தன் கடைவாய்ப் பல்லை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார்.